வெள்ளிக்கிழமை ‘ஜாலி கால்’ சொதப்பல்: வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

மியூட்டில்_இருக்கிறேன்
கேள்வி

எங்கள் டீமில் 11 பேர், எல்லோருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. நான் லீட் ஆகி எட்டு மாதம் ஆகிறது. இதில் நாலு பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவரை வீடியோவில்கூடப் பார்த்ததில்லை, என்னைப் பொறுத்தவரை அவர் ஒரு பச்சை வட்டமும் அதற்குள் ஒரு எழுத்தும்தான். மேலிடத்திலிருந்து “மாதம் ஒரு முறையாவது டீமுக்கு ஏதாவது ஜாலியாகச் செய்யுங்கள்” என்று மெயில் வந்தது. சரி, செய்துவிடலாம் என்று நானும் இறங்கினேன்.

போன வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’ வைத்தேன். அதாவது ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நானே சொன்னேன். அப்புறம் ஒரு அமைதி. எனக்கு என் வீட்டு ஃபேன் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மைக்கைத் திறந்து “ரெண்டாவது” என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். அது சரியான பதிலாகவும் போய்விட்டதால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஆறாவது ஆள் “எனக்குச் சொல்ற மாதிரி எதுவும் இல்லை, அடுத்தவங்க போகலாம்” என்றார். ஒருவர் வீட்டில் குழந்தை அழுதது, “சாரி, வரேன்” என்று போனார். அடுத்த இரண்டு நிமிடத்தில் இன்னும் நாலு பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது, குழந்தை இல்லாதவர்களுக்கும்!

பட்ஜெட் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு பேர் வேறு நாட்டில் இருக்கிறார்கள், எங்களுக்கு மாலை என்றால் அவர்களுக்கு நள்ளிரவு. பாதிப் பேர் கேமரா போட மாட்டார்கள். வயது 23 முதல் 50 வரை, எல்லோரும் கேம் ஆடுகிறவர்கள் இல்லை. இணையத்தில் கிடைக்கிற ‘50 ஐடியா’ பட்டியல்களையெல்லாம் படித்துவிட்டேன், அதையே இங்கே ஒட்ட வேண்டாம். உங்கள் டீமில் உண்மையாகவே எது எடுபட்டது, எது சொதப்பியது என்று சொன்னால் போதும்.


பழைய_டெஸ்டர்

உங்கள் விளையாட்டில் தப்பில்லை, ஆள் கணக்கில்தான் தப்பு. ஆபீஸில் 11 பேர் ஒரு அறையில் நின்றால் தானாகவே மூன்று நாலு கும்பலாகப் பிரிந்து பேசுவார்கள், நடுவில் ஒருவர் இந்தக் கும்பலிலிருந்து அந்தக் கும்பலுக்கு நழுவுவார். வீடியோ காலில் அது நடக்காது. ஒரு நேரத்தில் ஒரு குரல்தான், மீதி 10 பேரும் பார்வையாளர்கள். அதுவும் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் மேடை ஏறின மாதிரி இருக்கும், வாய் எப்படி வரும்?

அதனால் முதல் வேலை, பிரேக்அவுட் அறைகளாக, அதாவது அதே காலுக்குள் தனித்தனிச் சின்ன அறைகளாகப் பிரியுங்கள். ஒரு அறைக்கு 4 பேர், மிஞ்சினால் 5. இரண்டாவது, தயவுசெய்து வெள்ளிக்கிழமை 5 மணியை விட்டுவிடுங்கள். அது உங்கள் நேரம் இல்லை, அவர்கள் நேரம். நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, ஸ்டாண்டப் என்கிற தினசரிக் குட்டி மீட்டிங் முடிந்த கையோடு வைத்தோம், வேலை நேரத்துக்குள். அதே ஆட்கள்தான், ஆனால் முகமே வேறு மாதிரி இருந்தது.

விளையாட்டு என்று கேட்டால் நான் கார்டிக் ஃபோன்தான் சொல்வேன். காசு இல்லை, பிரவுசரிலேயே ஓடும், அக்கவுண்ட் திறக்க வேண்டாம், லிங்க் அனுப்பினால் போதும். ஒருவர் ஒரு வாக்கியம் எழுதுவார், அடுத்தவர் அதைப் படமாக வரைவார், அதற்கு அடுத்தவர் வாக்கியத்தைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து அது என்ன என்று எழுதுவார், இப்படியே கை மாறிப் போகும். எங்கள் டீமில் ஒருவர் “மேனேஜர் லீவு கேட்கிறார்” என்று எழுதினார். அது மூன்று கை மாறி, கடைசியில் “திருடன் கதவைத் தட்டி வழி கேட்கிறான்” என்று வந்து நின்றது. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு சங்கிலியையும் படிப்படியாகத் திரையில் காட்டும், உண்மையான கூத்து அங்கேதான். மேனேஜரும் அந்தக் காலில் இருந்தார். அவர்தான் அந்தத் திருடனை வரைந்தவர்.

இதில் இருக்கிற பெரிய வசதி, வரையத் தெரியாதவர்தான் ஹீரோ. மௌஸ் பிடித்து வரைந்தால் எல்லோர் படமும் கேவலமாகத்தான் வரும், அதனால் யாருக்கும் கூச்சம் இருக்காது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை, எத்தனை பேரோ அத்தனை சுற்று போகும், 11 பேரை ஒரே அறையில் போட்டால் முடியவே முடியாது.


எழுத்துக்கூட்டி

பழைய டெஸ்டர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், கூடவே கோட்நேம்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளாடா க்வாட்டில் என்கிற செக் நாட்டு வடிவமைப்பாளர் செய்து 2015-இல் வந்த போர்டு கேம், 2016-இல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது வாங்கியது. இப்போது ஆன்லைனில் இலவசமாகவே ஆடலாம். 25 வார்த்தை, ஐந்துக்கு ஐந்து கட்டம், இரண்டு அணி. அணித் தலைவர் ஒரே ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும்தான் துப்பாகக் கொடுக்கலாம். “தண்ணீர், 3” என்றால் கட்டத்தில் இருக்கிற மூன்று வார்த்தைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு, எவை என்று அணி பேசி முடிவு செய்ய வேண்டும். ஒரு வார்த்தை கொலையாளி, அதைத் தொட்டால் ஆட்டம் காலி.

ஏன் சொல்கிறேன் என்றால் இதில் அணித் தலைவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் டைரக்டர் ஒரு முறை தலைவராக உட்கார்ந்தார், அணி முழுக்கத் தப்பான பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, மனிதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறார், பேச முடியவில்லை. நேற்றுச் சேர்ந்த பையன் “அவர் அப்படி யோசிக்க மாட்டார், நேரடியான ஆள், இதுதான்” என்று அடித்துச் சொல்லி அதையே தொட்டான், சரியாக இருந்தது. மீட்டிங்கில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் அந்தப் பையனுக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று, ஆங்கிலச் சொல்வளம் ஏற்ற இறக்கமாக இருக்கிற டீம் என்றால் சிலர் ஒதுங்கிவிடுவார்கள், அதைக் கவனியுங்கள்.

சொதப்பியதும் கேட்டீர்களே. எங்களுக்கு கஹூட் வினாடி வினா ஒத்துவரவில்லை. வேகமாகப் பதில் சொன்னால் கூடுதல் புள்ளி என்பதால் நெட் நன்றாக இருக்கிறவர்தான் ஜெயிக்கிறார். முதல் மூன்று இடம் ஒவ்வொரு முறையும் அதே மூன்று பேர், மீதிப் பேர் நாலாவது கேள்வியிலேயே மெயில் பார்க்கப் போய்விட்டார்கள். அமாங் அஸ், அதாவது கூட்டத்தில் ஒளிந்திருக்கிற கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு, வேறு ஒரு கதை. டீம் நன்றாகப் பழகியிருந்தால் பிரமாதம். புது டீமில், “நீதான் கொன்ற, எனக்குத் தெரியும்” என்று லீடே ஒரு ஜூனியரைப் பார்த்துச் சொன்னால், விளையாட்டுதான் என்றாலும், அந்தப் பெண் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை.


நாலாவது_மாடி

எங்கள் பழைய கம்பெனியில் இப்படி ஒரு மெயில் வந்தது, இன்னும் வரி மாறாமல் நினைவிருக்கிறது: “கேளிக்கை நேரத்துக்கு வருகை கட்டாயம். வர இயலாதவர்கள் காரணத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும்.” அந்த மெயிலைப் பற்றிப் பேசித்தான் நாங்கள் எல்லோரும் நண்பர்களானோம், அந்த வகையில் வெற்றிதான்.


கேமரா_ஆஃப்

அந்தப் பச்சை வட்டம் மாதிரி ஆள் நான். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

கேமரா போடாததற்குக் காரணம் திமிர் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்ஸன் என்கிற பேராசிரியர் 2021-இல் வீடியோ கால் அலுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாலு காரணம் சொல்கிறார்: எல்லோரும் மிக அருகில் இருந்து உற்றுப் பார்க்கிற மாதிரி இருப்பது, நம் முகத்தை நாமே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது, சட்டத்துக்குள்ளேயே அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, தலையாட்டுவது கண்ணசைப்பது எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்ய வேண்டியிருப்பதால் மூளைக்கு ஏறுகிற சுமை. படித்தபோது என் வாரத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது. இதில் இரண்டாவதற்கு மட்டும் சுலபமான வைத்தியம் உண்டு, ஜூமில் நம் படத்தை நமக்கு மட்டும் தெரியாமல் மறைக்கிற வசதி இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் நான் வாரம் ஒரு நாளாவது கேமரா போடுகிறேன். உங்கள் டீமில் பாதிப் பேருக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம், சொல்லிப் பாருங்கள். ஆனால் “எல்லோரும் கேமரா போடுங்க ப்ளீஸ்” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

என்னை மாதிரி ஆட்களுக்கு எழுத்தில் நடக்கிற விளையாட்டு ஒத்துவரும். எங்கள் டீம் சாட்டில் வேர்டில் என்று ஒரு தனி இழை உண்டு. ஐந்தெழுத்து வார்த்தை, ஆறு வாய்ப்பு, உலகம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை. முடித்ததும் விடை தெரியாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் ஒட்டலாம். முதல் மாதம் வெறும் கட்டங்கள்தான் போட்டோம். அப்புறம் ஒரு நாள் நான் ஆறிலும் தோற்று ஒரு எக்ஸ் போட்டேன், அதற்கு நாலு பேர் அனுதாபம் தெரிவித்தார்கள், ஒருவர் இரங்கல் தீர்மானமே எழுதினார். அந்தத் தீர்மானத்தை எழுதினவரிடம்தான் இப்போது நான் கோட் ரிவ்யூவுக்கு, அதாவது நான் எழுதின புரோகிராமைச் சரிபார்க்கச் சொல்லி, தயங்காமல் போகிறேன்.

இன்னொன்று, ‘உங்கள் வேலை மேசையைப் படம் எடுத்துப் போடுங்கள், யாருடையது என்று கண்டுபிடிப்போம்’ என்று ஒரு ஐடியா எல்லாப் பட்டியலிலும் இருக்கும். ஜாக்கிரதை. தனி அறை இருக்கிறவருக்கு அது விளையாட்டு, கட்டில் ஓரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்கிறவருக்கு அது பரீட்சை. வீட்டைக் காட்டச் சொல்கிற எதையும் நான் தொடவே மாட்டேன்.


எக்செல்_அடிமை

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்த விளையாட்டு விஷயத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. மாதம் ஒரு மணி நேரம் படம் வரைந்து சிரித்துவிட்டு, மீதி நாளெல்லாம் டிக்கெட் (பதிவு செய்த வேலைக் கோரிக்கை) நம்பரால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டால் என்ன பயன்?

எனக்கு வேலை செய்தது இருவர் சந்திப்பு. வாரம் ஒரு முறை, குலுக்கலில் வருகிற ஜோடி, 20 நிமிடம், வேலையைப் பற்றிப் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. ஆபீஸ் சாட்டுக்கு ஸ்லாக் வைத்திருந்தால் டோனட் என்று ஒரு செயலி ஜோடி சேர்த்துவிடும். எங்களிடம் ஸ்லாக் இல்லை, அதனால் நான் எக்செல்லில் ரேண்டம் ஃபார்முலா போட்டுத்தான் ஓட்டினேன் (பெயர்ப் பொருத்தம் பாருங்கள்). நீங்கள் 11 பேர், ஒற்றைப்படை, ஒரு ஜோடியை மூவராக்கிவிடுங்கள், யாரையும் தனியாக விடாதீர்கள். கேமரா வேண்டாம், போனில் பேசிக்கொண்டே நடந்தாலும் சரி.

முடிந்தால் பக்கத்து டீமையும் குலுக்கலில் சேருங்கள். மைக்ரோசாஃப்ட்டில் 2020-இன் முதல் ஆறு மாதத்தில் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேருடைய மெயில், சாட், மீட்டிங் தரவை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2022-இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அவரவர் குழுவுக்குள் இறுக்கம் கூடியிருக்கிறது, குழுவுக்குக் குழு இருந்த தொடர்பு குறைந்திருக்கிறது. அதாவது உங்கள் 11 பேர் தங்களுக்குள் எப்படியாவது பேசிக்கொள்வார்கள். லிஃப்டில் பார்த்துப் பேசுகிற அந்தப் பக்கத்து டீம்காரர்தான் காணாமல் போகிறார்.


பழைய_டெஸ்டர்

எக்செல் அடிமை சொல்வது சரிதான், ஆனால் வரிசையை மாற்றிச் சொல்கிறார் என்று தோன்றுகிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரை 20 நிமிடம் தனியாக விட்டால் முதல் பத்து நிமிடம் “அப்புறம்?” “அப்புறம் என்ன, நீங்க சொல்லுங்க” என்றே போகும், நானே மாட்டியிருக்கிறேன். முன்னாடியே ஒரு முறை சேர்ந்து சிரித்திருந்தால், பேச அந்தத் திருடன் படமாவது இருக்கும்.


எக்செல்_அடிமை

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். நானும் முதல் வாரம் எல்லோருக்கும் ஒரு கேள்வி கொடுத்துத்தான் அனுப்பினேன்: “வேலையில் இதுவரை நீங்கள் செய்த பெரிய சொதப்பல் என்ன?” முதலில் என்னுடையதை எழுதிப் போட்டேன், தப்பான சர்வரில் டேட்டாபேஸை அழித்த கதை. அதற்குப் பிறகு யாருக்கும் பேச விஷயம் பஞ்சமாகவில்லை.


தூக்கம்_வரல

நேர வித்தியாசம் பற்றி யாருமே சொல்லவில்லையே. நானும் அப்படி நள்ளிரவுக் கோஷ்டிதான். ‘எல்லோரும் சேர்ந்து’ என்று மெயில் வந்தாலே எனக்கு அலாரம் வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

எங்களுக்குச் செட் ஆனது செஸ். லீசெஸ் தளத்தில், இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் கரஸ்பாண்டன்ஸ் முறையில் ஆடினால் ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் முதல் 14 நாள் வரை நேரம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்க நேரக்காரர்கள் ஒரு அணி, இந்தப் பக்கம் ஒரு அணி, ஒவ்வொரு அணிக்கும் ஒரு சாட் குழு. காலையில் எழுந்தால் எதிரணியின் நகர்த்தல் காத்திருக்கும். நாங்கள் பேசி, ஓட்டுப் போட்டு, தூங்கப் போகும் முன் எங்கள் நகர்த்தலை வைத்துவிடுவோம். யாரும் யாருக்காகவும் விழித்திருக்க வேண்டியதில்லை.

18-ஆவது நகர்த்தலில் எங்கள் அணியில் ஒரு சண்டை. குதிரையைப் பலி கொடுக்கலாம் என்று ஒருவர், பைத்தியமா என்று நாலு பேர். பலி கொடுக்கலாம் என்றவர் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ஒரு அம்மா, அதுவரை குழுவில் கட்டைவிரல் தவிர எதுவும் போடாதவர். போர்டைப் படம் எடுத்து அம்புக்குறி போட்டு, “இவன் இங்கே வந்தால் இது, அங்கே போனால் அது” என்று ஏழு மெசேஜ் போட்டார். ஓட்டில் ஒன்று அதிகம் விழுந்து குதிரையைக் கொடுத்தோம். ஆட்டத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம், தோற்றது அந்தக் குதிரையால் இல்லை என்று அந்த அம்மா இன்றைக்கும் வாதாடுவார். செஸ் தெரியாதவர்களும் ஓட்டுப் போட்டார்கள், வாதம் பார்த்துத்தான்.

ஒரே நேரத்தில் வர முடிகிறவர்களுக்கு என்றால் ஜியோகெஸ்ஸர். 2013-இல் வந்தது. ஸ்ட்ரீட் வியூவில் உலகத்தில் ஏதோ ஒரு ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும், எங்கே இருக்கிறோம் என்று மேப்பில் குத்த வேண்டும். ஐந்து சுற்று, ஒரு சுற்றுக்கு 5000 புள்ளி வரை. தனித்தனியாகப் போட்டி போடாமல் ஒருவர் ஸ்கிரீன் ஷேர் பண்ணி எல்லோரும் சேர்ந்து துப்பறியுங்கள். இலவசமாக ஆடுவதற்கு இப்போது கட்டுப்பாடு இருக்கிறது, ஆனால் இப்படிச் சேர்ந்து ஆடினால் ஒருவரிடம் சந்தா இருந்தாலே போதும். “வண்டி இடது பக்கம் போகுது”, “போர்டுல எழுத்தைப் பாருங்க”, “வெயில் வடக்கே இருந்து அடிக்குது, அப்ப பூமத்திய ரேகைக்குத் தெற்கே” என்று ஆளுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பேசு என்று யாரையும் சொல்ல வேண்டியதே இல்லை, தப்பான நாட்டில் குத்தப் போகிறார்கள் என்றால் மியூட் தானாகத் திறக்கும்.


மியூட்டில்_இருக்கிறேன்
மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் 11 மணி, 45 நிமிடம், கார்டிக் ஃபோன், இரண்டு அறை. அழைப்பில் ‘விருப்பம் இருந்தால் வரலாம், கேமரா தேவையில்லை’ என்று எழுதினேன், அனுப்புவதற்கு முன் யாருமே வராவிட்டால் என்ன செய்வது என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நேரம் ஒத்துவராத இருவரை விட்டால் 9 பேர், அதில் 8 பேர் வந்தார்கள். வராதவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

முதல் சுற்று கொஞ்சம் இழுத்தது. இரண்டாவதில் “சர்வர் டவுன் ஆகிவிட்டது” என்று நான் எழுதினதைப் பச்சை வட்டக்காரர் வரைந்தார். ஒரு கட்டில், அதில் படுத்திருக்கிற ஒரு பெட்டி, வாயில் தெர்மாமீட்டர், பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கண்ணாடியும் சுருட்டை முடியும் இருந்தது. அது நான்தான். என்னை அவ்வளவு கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், நான்தான் அவரைப் பார்த்ததில்லை, அவர் எட்டு மாதமாக என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்! அடுத்தவர் அதைப் பார்த்து “லீட் ஆஸ்பத்திரியில் ஃபிரிட்ஜைப் பார்க்க வந்திருக்கிறார்” என்று எழுதினார். நாலு மைக் ஒரே நேரத்தில் திறந்தது. பச்சை வட்டத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூக்கால் விட்ட காற்று.

கேமரா இன்னும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் ஒரு பில்டு பிரச்சினைக்கு நேராக எனக்கு மெசேஜ் போட்டார், முன்பெல்லாம் டிக்கெட்டில்தான் எழுதுவார். இப்போது டீம் சாட்டில் என் புரொஃபைல் படமே அந்தச் சுருட்டை முடிக்காரன்தான்.

இருவர் சந்திப்பை அடுத்த மாதம் ஆரம்பிக்கிறேன். செஸ் பற்றிச் சொன்னதும் வேறு நாட்டில் இருக்கிற இரண்டு பேரும் உடனே சரி என்றார்கள், ஆனால் அவர்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒன்பது பேர். தூக்கம் வரல, உங்கள் அணிகளை எப்படிச் சமமாகப் பிரித்தீர்கள்?


தூக்கம்_வரல

சமமாகப் பிரிக்கவே இல்லை. அந்த இரண்டு பேருக்கு வெள்ளைக் காயைக் கொடுங்கள், இந்தப் பக்கம் ஒன்பது பேர் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவர்கள் ஜெயித்திருப்பார்கள்.